விதி பதினான்கும் மன்னிக்கும் மட்டையும்

பொதுக் கட்டடங்களில் கதவுகளின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்காக அரசாங்கம் ஒரு இயக்ககம் வைத்திருந்தது. கைப்பிடிகள் தரநிர்ணய இயக்ககம் என்று பெயர். ஐந்து மாடி, இருநூற்றுப் பதினோரு ஊழியர்கள், ஒரு லிஃப்ட். கைப்பிடி இல்லாமல் கதவு இல்லை, கதவு இல்லாமல் அலுவலகம் இல்லை, அலுவலகம் இல்லாமல் அரசாங்கம் இல்லை. ஆகவே அரசாங்கத்தின் அஸ்திவாரமே தாங்கள்தான் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். அஸ்திவாரத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்ற மனக்குறையும் அவர்களுக்கு இருந்தது.

அந்த இயக்ககத்தில் துணை இயக்குநர்கள் இரண்டு பேர். ஒருவர் நல்ல உயரம். கடைநிலை ஊழியர் முதல் எல்லோருக்கும் அவர் நெட்டையர்தான். இன்னொருவர் நம்மவர். வயது ஐம்பத்தாறு. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. இணை இயக்குநர் பதவி மூன்று முறை அவர் வாசல் வரை வந்து, விலாசம் தப்பியதுபோல வேறு வாசலுக்குப் போயிருக்கிறது. இப்போது நான்காவது முறையாகக் காலியாகியிருந்தது. இதுதான் கடைசி.

இணை இயக்குநருக்குச் சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது. அறைதான் விஷயம். அந்த அறையில் ஜன்னல் உண்டு. நம்மவரின் அறை லிஃப்ட் கூண்டை ஒட்டியது. வெளியே மழையா வெயிலா என்பதைப் பதினோரு வருஷமாக உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

அவருடைய புகழ் எல்லாம் விதி பதினான்கில் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு அவர் எழுதிய விதி அது. எல்லாப் பொதுக் கட்டடங்களிலும் கைப்பிடி கதவின் இடது ஓரத்தில், பக்கச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வலது கையால் இழுத்தால் கதவு வெண்ணெய் மாதிரி திறக்கும். இடது கையை நீட்டினால் முழங்கை சுவரில் போய் இடிக்கும். அதைப் பற்றி அப்போதே ஒருவர் ஆட்சேபம் எழுதினார். நம்மவர் பதில் எழுதினார்: "இடது கைப் பயனாளர்கள் இருப்பதாக இதுவரை துறையின் கவனத்துக்கு வரவில்லை."

இதில் ஒரு சின்ன விஷயம். நம்மவர் இடது கைக்காரர்.

ஒன்றாம் வகுப்பில் ஆசிரியர் ஸ்கேலால் நாலு தட்டுத் தட்டி வலது கையில் பென்சிலைத் திணித்தார். வலது கை பழகிக்கொண்டது. இடது கை ஆணி அடிக்கவும், பாட்டில் மூடி திறக்கவும், முதுகு சொறியவும் ஒதுங்கிவிட்டது. கதவு திறப்பதும் அதன் வேலைதான். தினமும் தன் அறைக் கதவில் தன் விதிப்படியே இடித்துக்கொண்டு, இடது முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நீலம் கட்டியிருந்தது. ஏன் அப்படி ஒரு விதியை எழுதினோம் என்று அவரே பல தடவை யோசித்திருக்கிறார். எழுதும்போது பேனா வலது கையில் இருந்தது. வலது கைக்கு இடது கையைப் பற்றி என்ன தெரியும்?

அந்தக் கட்டடத்தில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நடப்பவர்கள் இன்னும் பலர் உண்டு. ஏசிக் காற்று என்று சொல்லிக்கொள்வார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புது இயக்குநர் வந்தார். குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். பதவியேற்ற அன்றே கூட்டம் போட்டார்.

"நாலு சுவருக்குள்ள ஒரு மனுஷனோட குணம் தெரியாது. புல்லு மேல தெரியும். இணை இயக்குநர் யாருன்னு நான் கோப்பைப் பாத்து முடிவு பண்ணப் போறதில்ல. கோல்ஃப் திடல்ல முடிவு பண்ணுவேன்."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. "அலுவலர்கள் அனைவரும் தத்தம் சொந்த விருப்பத்தின் பேரில் சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குக் கோல்ஃப் திடலில் தவறாது ஆஜராக வேண்டும். விருப்பமில்லாதவர்கள் விருப்பமின்மைக்கான காரணத்தை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கவும்."

எல்லோருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

நம்மவர் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கோல்ஃபா? செருப்பு மாட்டவே உங்களுக்குக் குனிய வரல."

"குனிய வேண்டாம். நின்னுக்கிட்டே அடிக்கிறதுதான்."

"எந்தக் கையால?"

"வலது கையாலதான். அலுவலகத்துல அப்படித்தானே."

"அன்னைக்குச் சுவர்ல ஆணி அடிக்கறப்ப, வலது கையால முயற்சி பண்றேன்னு சொல்லி என் கட்டைவிரல்ல போட்டீங்க."

"அது பதினெட்டு வருஷம் முந்தி."

"விரல் என்னுதுங்க. எனக்கு நேத்து மாதிரி இருக்கு." மடித்த துணியை அவர் மடியில் வைத்தாள். "உங்க கையாலயே அடிங்க. ஜன்னல் வேணுமா, வேண்டாமா?"

சாயங்காலம் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வரவேற்றார்.

"புதுசா ஆடப் போறீங்களா சார்?"

"ஆமாம். விலை கையைக் கடிக்காம ஏதாவது பாக்கணும்."

"எந்தக் கை?"

நம்மவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இடது."

கடைக்காரரும் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி." இரண்டு மட்டைகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்றின் இரும்பு முகம் கத்தி மாதிரி மெலிசு. இன்னொன்று தடித்து, முதுகு குழிந்து, பார்க்க அழகில்லாமல் இருந்தது. "இந்த மெலிசு இருக்கே, இது கண்டிப்பான மேலதிகாரி மாதிரி. நட்ட நடுவுல பட்டாத்தான் உண்டு. ஒரு நூல் தள்ளிப் பட்டாலும் கை அதிரும், பந்து புதருக்குள்ள போயிடும். கை தேர்ந்தவங்களுக்குத்தான் இது. இது பாருங்க, எடையை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, அடிப்பாகத்தை அகலமாப் பண்ணியிருக்கான். தப்பா அடிச்சாலும் பந்து நேராத்தான் போகும். மன்னிக்கிற மட்டைன்னு நாங்க சொல்வோம். கத்துக்கறவங்க இதத்தான் எடுக்கணும்."

"எவ்வளவு தப்பு வரைக்கும் மன்னிக்கும்?"

"கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு அடிச்சீங்கன்னா, அநேகமா எல்லாத்தையும்."

நம்மவர் அதைக் கையில் எடுத்தார். முப்பத்தொரு வருஷ சர்வீசில் மன்னிக்கக்கூடிய எதையும் அவர் சந்தித்ததில்லை. அது மட்டுமல்ல, இடது கைக்கென்றே செய்த ஒரு பொருளை அவர் தொடுவதும் இதுதான் முதல் தடவை.

கடையின் பின்பக்கம் ஒரு வலை கட்டியிருந்தது. முதல் வீச்சில் பந்து அசையவே இல்லை. இரண்டாவது வீச்சில் பந்து மட்டையின் நுனியில் பட்டது. ஆனாலும் பந்து நேராகப் போய் வலையின் நடுவில் விழுந்தது. மூன்றாவது நடுவில் பட்டது. சத்தமே வரவில்லை, ஒரு சின்ன 'டிக்' மட்டும். அந்த டிக் அவர் தோள் வரை ஏறியது. ஐம்பது வருஷமாக மூடி திறந்துகொண்டிருந்த கை அது.

"முழு செட் வேண்டாம் சார். ஆறாம் நம்பர்லேர்ந்து அஞ்சு மட்டை போதும். தண்டு லேசானதா எடுங்க, தோள் தாங்கும்" என்றார் கடைக்காரர். பிறகு விலையைச் சொன்னார்.

"மூலையில அடுக்கியிருக்கறது?"

"அது எல்லாம் பழசு. வலது கை. பாதிக்குப் பாதி விலை. இடது கையில பழசு வராது சார். அவங்களுக்கு ஒரு தடவ கெடச்சா விக்கவே மாட்டாங்க."

துறை மூலமாக வாங்கினால் சலுகை விலை என்று சுற்றறிக்கையின் பின்பக்கம் போட்டிருந்தது. நம்மவர் மறுநாள் தேவைப் படிவத்தை நிரப்பினார். "எந்தக் கை" என்ற கட்டத்தில் சிறிது நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இடது என்று வலது கையால் எழுதினார்.

மூன்றாம் நாள் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அவர் அறைக்குள் வந்தார். ஊழியர்களின் பதிவேடுகள் எல்லாம் அந்த அம்மாளின் பொறுப்பு. இயக்குநர்கள் வருவார்கள், போவார்கள். அவரை மட்டும் யாரும் அசைத்ததில்லை.

"சார், படிவத்துல ஒரு தப்பு."

"என்ன மேடம்?"

"உங்க பதிவேட்டுல மூணாம் பக்கம் பாருங்க. கை: வலது. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எழுதறது வலது கைதான். ஆனா நான் இடது கைக்காரன்."

"அப்ப அந்த வலது கை யாருது சார்?"

"என்னுதுதான்."

"உங்களுதுன்னா நீங்க வலது கைக்காரர். உங்களுது இல்லைன்னா, முப்பத்தொரு வருஷமா நீங்க போட்ட கையெழுத்து எல்லாம் உங்க சொந்தக் கையால போட்டது இல்லைன்னு ஆகுது. ரெண்டுல எதை எழுதிக்கட்டும்?"

நம்மவர் இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"பயமுறுத்தணும்னு சொல்லல சார். விதி பதினான்கும் அந்தக் கையெழுத்துலதான் இருக்கு. அது செல்லாதுன்னா, நாட்டுல இருக்கற அத்தனை கதவையும் கழட்டித் திருப்பி மாட்டணும். ஒரு மட்டைக்காக அவ்வளவு தூரம் போகணுமா?"

"விதியில இதுக்கு எங்கயாவது இடம் இருக்கா மேடம்? இடது கைக்காரங்க யாராவது..."

கண்காணிப்பாளர் கையோடு கொண்டுவந்திருந்த கோப்பைப் பிரித்தார். "இடது கைப் பயனாளர்கள் இருப்பதாக இதுவரை துறையின் கவனத்துக்கு வரவில்லை" என்று நிறுத்தி வாசித்தார். "யாரோ அழகா எழுதியிருக்காங்க. ஒரு சந்து விடல."

"அது நான்தான்."

"தெரியும் சார்." கோப்பை மூடினார். "கிடங்குல ஒரு பழைய செட் இருக்கு. வலது கை. கத்தி மாதிரி மெலிசு, ஆனா இனாம். அனுப்பி வைக்கிறேன்."

சனிக்கிழமை வந்தது. திடலில் இயக்குநர், நெட்டையர், நம்மவர், பின்னால் ஒரு டஜன் அலுவலர்கள். நெட்டையர் கடையிலேயே உயர்ந்த மன்னிக்கும் மட்டைகளை, வலது கைக்கு, தோல் பையோடு வாங்கி வந்திருந்தார்.

ஆட்டத்தின் விதி எல்லோருக்கும் சொல்லாமலே தெரியும். இயக்குநர் ஜெயிக்க வேண்டும். ஆனால் அது சுலபமாக இல்லை. இயக்குநர் பத்து வருஷமாக ஆடுகிறார். பந்து இன்னும் அவர் சொன்னபடி கேட்டதில்லை. நிற்பதிலிருந்தே ஏதோ கோணல், அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி. காற்று சரியில்லை என்பார். புல் நீளம் என்பார். ஆகவே மற்றவர்கள் அவரைவிட மோசமாக ஆட வேண்டும். அதற்குத் தனித் திறமை வேண்டும்.

நெட்டையர் மரத்தைக் குறிவைத்து அடித்தார். மட்டை மன்னித்தது. பந்து நேராகக் குழியில் நட்ட கொடியருகே போய் விழுந்தது.

"மன்னிக்கணும் சார்" என்றார் நெட்டையர்.

அடுத்தது குளத்துக்குள் போகட்டும் என்று மட்டையின் ஓரத்தால் இடித்தார். பந்து குளத்தைத் தாண்டியது. மூன்றாவதை ஆத்திரத்தில் கண்டபடி வெட்டினார். அது குழிக்கு அரை அடியில் நின்றது. நெட்டையருக்கு அழுகை வரும்போலிருந்தது.

"ரொம்ப நல்லா ஆடறீங்க" என்றார் இயக்குநர். அரசாங்க வேலையில் மேலதிகாரி சொல்லக்கூடிய இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது.

நம்மவர் முறை. மெலிசு மட்டையை, தனக்கில்லாத பக்கத்தில் நின்று, வீசினார். புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி பெயர்ந்து பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி வீசினார். இந்தத் தடவை பந்து பின்னால் போனது. எப்படிப் போனது என்று யாருக்கும் விளங்கவில்லை. அலுவலர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இத்தனை தத்ரூபமாகத் தோற்கிற ஒரு மனிதரை அவர்கள் பார்த்ததில்லை.

இயக்குநர் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். நம்மவர் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, இப்படி அடிங்க என்று சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த பிறகு பந்து இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

"இவர்கிட்ட கத்துக்கற மனசு இருக்கு" என்றார்.

நாலு சனிக்கிழமை இப்படியே நடந்தது. ஐந்தாம் வாரம் நெட்டையர் பொதுநலன் கருதி, துருப்பிடித்த கீல்கள் சேமிப்புக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். நம்மவர் இணை இயக்குநராக, பொறுப்பு என்ற அடைமொழியோடு, ஜன்னல் அறைக்குப் போனார். ஆறு மாதம் கழித்துத்தான் பதவி நிரந்தரம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும், அதன் கீழே சக்கரம் இல்லாத ஒரு ஜீப்பும் தெரிந்தன. முதல் நாள் மத்தியானம் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தது எந்தக் கை என்று ஒரு யோசனை வந்தது. அதை ஜீப்பின் பக்கம் தள்ளிவிட்டார்.

"தோத்துப் போய் ஒரு ஜன்னல் வாங்கியிருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஜன்னல் ஜன்னல்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அலுவலகம் சும்மா இருக்குமா? இவர் எப்படி இவ்வளவு இயல்பாகத் தோற்கிறார் என்று கேன்டீனில் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவு அலுவலர் கண்டுபிடித்துவிட்டார். "அவர் நிக்கறதப் பாருங்க. தனக்கு வராத கையால அடிக்கற மாதிரியே இருக்கு." சொன்னவர் வலது கைக்காரர். அன்றே போய் ஒரு இடது கை மட்டை வாங்கினார். அந்தச் சனிக்கிழமை நாலு தடவை வீசி நாலு தடவையும் பந்தைத் தொடவில்லை. இரண்டு வருஷமாகக் கிடப்பில் இருந்த அவருடைய இடமாற்ற மனு திங்கட்கிழமை கையெழுத்தானது.

அதற்கப்புறம் சொல்லவா வேண்டும்? ஒரு மாதத்தில் ஊரில் இடது கை மட்டை கிடைக்கவில்லை. கடைக்காரர் இடது கைக்காரர்களின் எழுச்சி என்று நினைத்துக் கடையின் முகப்பையே மாற்றினார். அலுவலர்கள் கேன்டீனில் இடது கையால் டீ குடித்துச் சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. சட்டையில் கறை இல்லாதவர்களை யாரும் மதிக்கவில்லை.

எல்லோரும் தனக்குக் கீழே தோற்பதைப் பார்த்து இயக்குநர் மகிழ்ந்தார். இது தன்னுடைய தலைமையின் விளைவு என்று முடிவுசெய்து, "இரு கைத் திறன் மேம்பாட்டுத் திட்டம்" என்று ஆணை போட்டார். இயக்குநர் நீங்கலாக அனைவரும் இனி இடது கை மட்டையால் ஆட வேண்டும்; மட்டைகளைத் துறையே வழங்கும். மொத்தமாக வாங்கும்போது மன்னிக்கும் ரகம்தான் மலிவாகக் கிடைத்தது, அதையே வாங்கினார்கள். வலது கைக்காரர்கள் பந்தைத் தொட்டால்தானே மட்டை மன்னிப்பதற்கு?

கண்காணிப்பாளர் நம்மவர் அறைக்குப் பார்சலோடு வந்தார்.

"விதிக்கு முரண் ஆகாதா மேடம்? இடது கைப் பயனாளர்கள்தான் இல்லையே."

"அதனாலதான் சார் முரண் இல்ல. வலது கைக்காரங்களுக்கு மட்டும்தான் இடது கை மட்டை தர்றோம். ஒவ்வொருத்தரும் வலது கைக்காரர்னு சான்று தரணும். உங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்ல, பதிவேட்டுலயே இருக்கு."

பார்சலைப் பிரித்தார். ஆறாம் நம்பரிலிருந்து ஐந்து மட்டைகள். லேசான தண்டு. குழிந்த முதுகு. கடையில் பிடித்துப் பார்த்த அதே ரகம். ஏழு மாதத்துக்கு முன்பு இதற்காக அவர் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். இப்போது ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுக்கா பயப்படறீங்க? தப்பாவே அடிச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி. "இத்தனை நாள் செஞ்சதுதானே."

"இத்தனை நாள் அது நடிப்பு இல்லம்மா. இனிமேதான் நடிக்கணும்."

அவருடைய பொறுப்புக் காலம் முடிகிற சனிக்கிழமை அது. பதவியை நிரந்தரமாக்கும் ஆணை டைப் அடிக்கப்பட்டு இயக்குநரின் சட்டைப் பையில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் கார் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அலுவலர்கள் வரிசையாக வந்து காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். இயக்குநர் பந்தை எப்படியோ பாதித் தூரம் உருட்டினார். கைதட்டல். நம்மவர் போய் நின்றார். பந்துக்கு ஒரு சாண் மேலே வீசிவிடுவது என்று தீர்மானம்.

தீர்மானம் தலைக்குத்தான் தெரியும். கை அரை நூற்றாண்டாகக் காத்திருந்தது. டிக் என்றது. பந்து எழும்பி, வெயிலில் கொஞ்சம் நின்று, கொடிக்கு இரண்டடியில் இறங்கியது.

யாரும் கைதட்டவில்லை.

"தற்செயல் சார்" என்றார் நம்மவர்.

"இன்னொண்ணு அடிங்க."

வேண்டுமென்றே மட்டையின் நுனியால் இடித்தார். மட்டை மன்னித்தது. பந்து கொடிக்கு ஓரடியில் விழுந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் நெட்டையரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீசினார். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து வெளியே தெரியவில்லை.

இயக்குநர் பக்கத்தில் வந்தார். "நீங்க இடது கையா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"பதிவேட்டுல வலதுன்னு இருக்கு சார்."

"அப்ப இது எப்படி?"

"விசாரிக்கணும் சார்" என்றார் பின்னால் நின்றிருந்த கண்காணிப்பாளர்.

ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். விசாரணைக் குழு எதுவானாலும் இணை இயக்குநர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நம்மவரும் தன்னை விசாரிக்கும் குழுவில் இடம்பெற்றார்.

கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு தாளில் "நான் இடது கைக்காரன்" என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை இடது கைக்கு மாற்றினார். பெயர் வந்தது. ஆறு வயதுப் பிள்ளை எழுதியதுபோலக் கோணல் மாணலாக, ஒரு எழுத்து வரியை விட்டே இறங்கி. ஸ்கேல் விழுந்த அன்று எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்திலிருந்தே கை தொடர்ந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று காலையிலிருந்து ஏசி ஓடவில்லை. குழு அறை வெந்தது. மேஜை மேல் அந்த மட்டை, அட்டை கட்டித் தொங்கவிட்டு, சாட்சிப் பொருளாகக் கிடந்தது.

கண்காணிப்பாளர் வாசித்தார். "முடிவு ரெண்டு விதமா இருக்கலாம். ஒண்ணு, அலுவலர் இடது கைக்காரர். அப்படின்னா அவர் கையெழுத்துகள் செல்லாது, விதி பதினான்கு செல்லாது, எல்லாக் கதவையும் மாத்தணும். ரெண்டு, அலுவலர் மேல தப்பில்ல. மட்டை அளவுக்கு மீறி மன்னிச்சிருக்கு."

புழுக்கம் தாங்காமல் இயக்குநர் சட்டையின் முழுக்கையை மடித்து மேலே ஏற்றினார். அவர் ஏற்றியதும் எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள். நம்மவர் தற்செயலாகத்தான் பார்த்தார். எதிரே இருந்த பொறியாளரின் இடது முழங்கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு நீலம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் நீலம். கண்காணிப்பாளருக்குப் பழைய நீலமும், அதன் மேல் புது நீலமும்.

இயக்குநர் எழுந்து சாட்சிப் பொருளைக் கையில் எடுத்தார். எப்படிப் பிடிப்பது என்று நம்மவருக்குக் கடைக்காரர் நாலு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இயக்குநருக்கு யாரும் சொல்லவில்லை. கைகள் தாமாகவே போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தன. கோணல் எல்லாம் போய், முதல் தடவையாக ஒரு மனிதர் நேராக நின்றார். அரை நிமிஷம் அப்படியே நின்றார். அவர் முழங்கையிலும் இருந்தது. வந்து எட்டு மாதந்தான் ஆகிறது என்பதால் இளநீலம்.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ரெண்டாவது முடிவு" என்றார் இயக்குநர், மட்டையைக் கீழே வைத்துவிட்டு. "மட்டைதான் காரணம். முத்திரை வெச்சுக் கிடங்குல போடுங்க. மன்னிக்கும் தன்மையுள்ள எந்தப் பொருளும் இனிமே துறைக்குள்ள வரக்கூடாது."

அறிக்கை சுற்றி வந்தது. நம்மவரின் கை பைக்குள் போனது. மடித்த தாள் விரலில் பட்டது. எடுத்து வைத்தால் இந்த அறையில் அவர் தனி ஆள் இல்லை, அது இப்போது தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். ஒருவர் ஆரம்பித்தால் போதும். ஆரம்பிக்கிறவருக்கு ஜன்னல் போகும்.

பேனாவைத்தான் எடுத்தார். ஏழு கையெழுத்துகள் விழுந்தன. ஏழும் வலது கை. அத்தனையும் அழகு. கூடவே நிரந்தர ஆணையிலும் இயக்குநர் கையெழுத்துப் போட்டு, மேஜை மேல் நம்மவர் பக்கமாகத் தள்ளினார்.

கூட்டம் கலைந்தது. இயக்குநர் முதலில் கதவுக்குப் போனார். கையை நீட்டினார். டக்.

"ஏசிக் காத்து" என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஏசி ஓடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அடுத்து கண்காணிப்பாளர். டக். பொறியாளர். டக். ஒவ்வொருவராக, ஒழுங்காக, வரிசையாகப் போனார்கள். ஏழு பேருக்கு ஐந்து டக். ஐந்தாவது, கடைசியாக ஆணையை எடுத்துக்கொண்டு கிளம்பிய நம்மவருடையது.

அன்று சாயங்காலமே அறிக்கை பதிவேட்டில் ஏறியது. இடது கைப் பயனாளர்கள் இருப்பதாக இதுவரை துறையின் கவனத்துக்கு வரவில்லை.